விடுமுறையும் வாயில்லா ஜீவன்களும்

நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதியை நம் ஜில்லாவில் அறியாதவர் இலர். அது கால் நோவால் வருந்துவதைக் கண்ட பக்தர்கள், 2022-ம் வருஷத்தில் அதற்குத் தோல் செருப்புச் செய்து அளித்தார்கள். யானை செருப்பணிந்து நடந்த செய்தியை நாடே வியந்து பேசிற்று. 2025-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் அந்த யானை மாண்டபோது, தங்கள் வீட்டிலேயே துக்கம் நேர்ந்ததுபோல் திருநெல்வேலி ஜனங்கள் கூடி நின்று கண்ணீர் விட்டார்கள். இத்தகைய இரக்கம் நமது ஊருக்குப் பெருமை தருவதே. ஆனால், இதே ஊராரை நோக்கி இன்று நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டியவர்களாக இருக்கிறோம். யானையின் பாதத்திற்கு இரங்கிய நாம், நமது வீட்டு வாசலில் சங்கிலியில் கிடக்கும் நாயின் பாதத்திற்கு இரங்குகிறோமா?

கோடை விடுமுறை வந்துவிட்டால் பாளையங்கோட்டையிலும், பெருமாள்புரத்திலும், மகாராஜநகரிலும், தியாகராஜநகரிலும் வீட்டுக்கு வீடு மூட்டை கட்டுகிறார்கள். சொந்தக் கிராமத்திற்குச் செல்வோர் சிலர். கொடைக்கானலுக்குச் செல்வோர் சிலர். பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் குளித்துவரச் செல்வோர் பலர். ஊரில் தங்கிவிட்ட சிறுவர்களுக்காகக் குடியிருப்போர் சங்கங்கள் சதுரங்கம், சித்திரம், சிலம்பம், நீச்சல் என்று கோடைப் பயிற்சிகளை ஏற்பாடு செய்கின்றன. இவை யாவும் நல்ல காரியங்களே. நாம் மனமார வரவேற்கிறோம். எனினும், இத்தனை ஏற்பாடுகளுக்கும் நடுவே, பூட்டிய வீட்டிற்குள்ளும், மொட்டை மாடியிலும், தகரக் கொட்டகையின் கீழும் விடப்பட்ட பிராணிகளைப் பற்றி ஒரு வரியேனும் சங்க அறிக்கைகளில் காணப்படுவது அரிது. ஒரு கிண்ணத்தில் தண்ணீரும், ஒரு தட்டில் இரண்டு நாளைச் சோறும் வைத்துவிட்டு, “வாச்மேன் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லிக் காரில் ஏறுவதே வழக்கமாக இருக்கிறது. இந்த அலட்சியத்தைப் பற்றியே இன்று எழுதத் துணிந்தோம்.

நமது ஊர்க் கோடை எத்தகையது என்பதை நாம் வர்ணிக்க வேண்டுவதில்லை. கத்திரி வெயில் நாட்களில் பாளையங்கோட்டையில் பாரன்ஹீட் நூறு டிகிரியைத் தாண்டுவது புதுமையன்று. மனிதனுக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. அந்த வியர்வை உலரும்போது உடல் குளிர்கிறது. நாய்க்கு அந்தச் சௌகரியம் இல்லை. அதன் பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும். மற்றபடி, வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதினாலேயே அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். காற்றோட்டமில்லாத அறையிலும், தண்ணீர் தீர்ந்துபோன இடத்திலும் இந்த இரைப்பினால் யாதொரு பயனும் இல்லை. நாயின் இயற்கையான உடற்சூடு 101 டிகிரி முதல் 102½ டிகிரி வரை. அது 104-ஐத் தாண்டினால் ஆபத்து ஆரம்பமாகிறது. 106-ஐத் தாண்டினால் உயிருக்கே மோசம். மூக்குச் சப்பையான பக், புல்டாக் முதலிய ஜாதிகளுக்குச் சுவாசக் குழலே குறுகலாதலால் அவற்றின் பாடு மற்றவற்றைவிடக் கஷ்டம்.

நிறுத்திவைத்த காரின் சங்கதி இதைவிடக் கொடிது. கண்ணாடிகளை ஏற்றிய கார், வெயிலில் பத்து நிமிஷம் நின்றால், வெளிச் சூட்டைவிட உள்ளே ஏறத்தாழ 10 சென்டிகிரேடு டிகிரி ஏறிவிடும். ஜன்னலைச் சிறிது இறக்கிவைப்பதால் பெரிய பயன் ஒன்றும் விளையாது. “அல்வா வாங்கிக்கொண்டு உடனே வந்துவிடுகிறேன்” என்று இருட்டுக்கடையின் கூட்டத்தில் நுழைகிறவர், வெளியே வரும்போது எத்தனை நிமிஷம் சென்றது என்று அறியமாட்டார். காருக்குள் இருக்கும் பிராணி அறியும். தார் ரஸ்தாவும் அவ்வாறே. புறங்கையை ஐந்து விநாடி தார் மீது வைத்துப் பாருங்கள். பொறுக்க முடியவில்லையானால், அந்த வழியே நாயை நடத்திச் செல்லலாகாது. காலை ஏழு மணிக்கு முன்னும், அஸ்தமனத்திற்குப் பின் தரை ஆறிய பிறகும் அழைத்துச் செல்வதே முறை.

சூட்டினால் நாய் தள்ளாடினாலும், வாந்தி எடுத்தாலும், ஈறுகள் கடுஞ்சிவப்பாக மாறினாலும் ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது. நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுவதும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, விசிறியால் வீச வேண்டும். ஈரத் துணியால் மூடி வைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும்; மயங்கிய பிராணியின் வாயில் பலவந்தமாகத் தண்ணீர் புகட்டினால் அது சுவாசப்பையில் இறங்கும். முதலில் குளிரச் செய்து, பிறகு வைத்தியரிடம் எடுத்துச் செல்வதே சரியான கிரமம். வைத்தியத்திற்கு நம் ஊரில் குறைவில்லை. அரசாங்கக் கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. ராமையன்பட்டியில் 2012-ம் வருஷம் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே நடந்துவருகிறது. பூனை, பட்சி, மீன் ஆகியவற்றையும் மறக்கலாகாது. புது இடத்தில் விடப்பட்ட பூனை பழைய வீட்டைத் தேடி ஓடிவிடும். ஆகவே அதை அதன் வீட்டிலேயே வைத்து ஒருவர் வந்து பார்ப்பது உத்தமம். மேற்கு நோக்கிய பால்கனியில் தொங்கும் கூண்டு, மாலை வெயிலில் அடுப்பாகிவிடும். தண்ணீர் சூடேறினால் அதில் பிராணவாயு குறையும்; அந்தச் சமயத்தில் அண்டை வீட்டார் அன்பு மிகுதியால் இரையை அள்ளிப் போட்டால், மீன் தொட்டி இரண்டு நாளில் நாறிவிடும்.

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது என்று கேட்கலாம். 1953-ம் வருஷத்தில் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள் ராஜ்ய சபையில் பிராணிகளின்பொருட்டுத் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த முயற்சியின் பலனாகவே 1960-ம் வருஷத்தில் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் 11-வது பிரிவின்படி, வளர்க்கும் பிராணிக்குப் போதிய உணவும், தண்ணீரும், தங்குமிடமும் அளிக்காமை குற்றம். குறுகலான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். எப்போதும் கட்டுண்டு கிடக்கும் நாயை உலாவ விடாமை குற்றம். பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி தக்க காரணமின்றிக் கைவிட்டுச் செல்வதும் குற்றம். விடுமுறைக் காலத்தில் நம் தெருக்களில் நடப்பவற்றுள் பாதி இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும். ஆனால் தண்டனை என்ன? முதல் குற்றத்திற்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமலும் அபராதம்! 1960-ல் பத்து ரூபாய்க்கு மதிப்பு இருந்தது. இன்று அது ஒரு டம்ளர் காப்பிக்குக்கூடப் போதாது. பார்லிமெண்டார் இத்தொகையைத் திருத்தாமல் இத்தனை காலம் விட்டுவைத்தது வெட்கப்பட வேண்டிய விஷயம். 2024-ம் வருஷம் ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையில், பிராணியைக் கொல்வோருக்கும் ஊனப்படுத்துவோருக்கும் ஐந்து வருஷம் வரை சிறைவாசம் விதிக்க இடமிருக்கிறது. எனினும், தாகத்தால் வாடவிடுவது மாத்திரம் இன்னும் ஐம்பது ரூபாய்க் குற்றமாகவே இருந்துவருகிறது.

ஆகவே, சட்டத்தை நம்பிப் பயனில்லை. தெருவே தன் காரியத்தைத் தான் பார்த்துக்கொள்ள வேண்டும். குடியிருப்போர் சங்கம் என்பது சிறிய பஞ்சாயத்து. சுயாட்சியைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள், தங்கள் தெருவின் சுயாட்சி எப்படி நடக்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். சங்கங்கள் சில, பிராணிகள் விஷயத்தில் செய்யத்தகாததைச் செய்து, செய்யத்தக்கதை விட்டுவிடுகின்றன. “நம் குடியிருப்பில் நாய் வளர்க்கக் கூடாது, லிப்டில் ஏற்றக் கூடாது” என்று தீர்மானம் போடுவது எளிது. அத்தகைய தீர்மானம் பெரும்பான்மையோரால் நிறைவேற்றப்பட்டாலும் செல்லாது என்று இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2015-ம் வருஷத்திலேயே அறிவித்திருக்கிறது. தடைசெய்வது சங்கத்தின் வேலையன்று. ஒழுங்குசெய்வதே அதன் வேலை.

என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். முதலாவது, ஊருக்குச் செல்லும் ஒவ்வொரு குடும்பமும், என்ன பிராணி, யார் பொறுப்பு, எந்த வைத்தியர், எந்த டெலிபோன் நம்பர் என்ற விவரத்தையும், தடுப்பூசிச் சீட்டின் நகலையும் சங்கத்தில் கொடுத்துச் செல்ல வேண்டும். மாற்றுச் சாவியும் ஒருவரிடம் இருக்க வேண்டும். இரண்டாவது, பராமரிப்புக்கு ஒரு தொகையை நிர்ணயித்து, ஏற்பவருக்கு முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். காவற்காரர் சம்பளம் வாங்குவது வாசலைக் காப்பதற்கே. ஐந்து வீட்டு நாய்களுக்குச் சேவகம் செய்வதற்கு அன்று. அவரிடம் இலவசமாக வேலை வாங்கிவிட்டுப் பிறகு குறை கூறுவது நியாயமாகாது. மூன்றாவது, பள்ளி மூடுவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமையில், கால்நடை வைத்தியர்களை அழைத்துத் தடுப்பூசி முகாம் ஒன்று நடத்த வேண்டும். உண்ணிகள் பெருகும் காலமும் இதுவே. அதற்கான மருந்தையும் அன்றைக்கே கேட்டுக்கொள்ளலாம். நான்காவது, காலையும் மாலையும் மேற்பார்வை செய்ய, ஒரு பெரியவரை முன்னிட்டுச் சிறுவர் சங்கம் ஒன்றை அமைக்க வேண்டும்.

இந்த நான்காவது யோசனையை நாம் முக்கியமாகக் கருதுகிறோம். 1875-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் காதரின் ஸ்மிதீஸ் என்ற மூதாட்டி, சிறுவர்களைச் சேர்த்துக் ‘கருணைக் கூட்டம்’ என்ற ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். பிராணிகளிடம் தயையாக நடப்போம் என்று அவர்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். சில வருஷங்களில் அது அமெரிக்காவிற்கும் பரவிற்று. அங்கே சாதிக்க முடிந்ததை ஜீவகாருண்யத்தின் பிறப்பிடம் என்று பெருமை பேசும் நம் நாட்டில் சாதிக்க முடியாதா? இன்ன கிண்ணத்திற்கு இன்ன நேரத்தில் தண்ணீர் மாற்றினேன் என்று ஒரு பையன் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பானாகில், பொறுப்பு என்பதை எந்தப் பாடப் புத்தகத்தையும்விட நன்றாக அவன் கற்றுக்கொள்வான். சதுரங்கத்தில் தோற்றால் காய்களுக்கு நஷ்டமில்லை. இந்த வேலையில் ஒரு நாள் தவறினால் ஓர் உயிர் வருந்தும் என்பதை அவன் உணர்வான்.

பிராணிகளைக் கண்டு அஞ்சுகிறவர்களின் கட்சியையும் நாம் அசட்டை செய்யவில்லை. அவர்களுடைய பயம் வீண் பயமன்று. உலகத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநாய்க்கடியால் மடிகிறார்கள் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பு. கடிபடுவோரில் சிறுவர் தொகை பெரிது. நோய் வெளிப்பட்ட பிறகு அநேகமாக மீட்சியே இல்லை; ஆனால் உரிய காலத்தில் ஊசி போட்டுக்கொண்டால் முற்றிலும் தடுக்கலாம். பாஸ்டர் 1885-ல் கண்ட அந்த வழியை, நம் நாட்டில் குன்னூர் நிலையம் 1907-லிருந்து கையாண்டு வந்திருக்கிறது. இவ்வளவு இருந்தும் குழந்தைகள் இறப்பதன் காரணங்களுள் ஒன்று, வீட்டில் அடி விழும் என்று அஞ்சி அவர்கள் கடியை மறைத்துவிடுவது. பெற்றோர்களே! விடுமுறையின் முதல் நாளன்றே உங்கள் குழந்தையிடம், “நாய் கடித்தாலும் பிராண்டினாலும் உடனே சொல், உன்னைக் கோபிக்கமாட்டேன்” என்று சொல்லிவையுங்கள். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு முதலியவற்றைப் பூசாதீர்கள். உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்; எல்லா ஊசிகளையும் தவறாமல் முடியுங்கள். காயம் ஆழமானால், அதைச் சுற்றிப் போடும் சீரத்தையும் கேட்டுப் பெறுங்கள்.

அந்தப் பயமுள்ளவர்களுக்கு இன்னொன்றும் கூறுவோம். தெருநாய்த் தொல்லையை ஒழிக்க வேண்டுமென்று கூச்சலிடுகிறோம். 2025-ம் வருஷம் ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டே இவ்விஷயத்தில் தலையிட்டு, முதலில் ஓர் உத்தரவும், சில தினங்களில் அதைத் திருத்தி மற்றோர் உத்தரவும் பிறப்பிக்க நேர்ந்தது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்த நாய்களை, வெறிநோயும் மூர்க்கமும் உள்ளவை நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதும், உணவிடுவதற்கென்று தனி இடம் குறிக்க வேண்டும் என்பதும் அத்திருத்தத்தின் சாரம். ஆனால் தெருநாய்கள் எல்லாம் தெருவிலேயே பிறந்தவையல்ல. குட்டியாக இருக்கையில் கொஞ்சி, வளர்ந்த பிறகு சலித்து, ஊருக்குப் புறப்படும் நாளில் புறவழிச் சாலையில் இறக்கிவிடப்படுபவையும் அந்தக் கூட்டத்திலேயே சேர்கின்றன. வீட்டு நாயைக் கைவிடுகிறவரே தெருநாயை உண்டாக்குகிறவர். இதை உணராமல் மாநகராட்சியை மட்டும் தூஷிப்பதில் பயன் என்ன?

நாயைக் கூடவே அழைத்துச் செல்வோம் என்பாரும் உளர். கிராமத்து வீட்டிற்கானால் ஆட்சேபமில்லை. வழியில் தண்ணீரும் ஓய்வும் கொடுத்தால் போதும். பொதிகை மலைக்கு மட்டும் வேண்டாம். பாபநாசத்திற்கு மேற்பட்ட அருவியும், மணிமுத்தாற்று அருவியும் 1988-ல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்திற்கு உட்பட்டவை. வீட்டு நாயின் நோய் காட்டு மிருகத்திற்கு யமனாகலாம். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தபோது, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்னும் விஷக்கிருமி அவற்றுள் சிலவற்றில் கண்டறியப்பட்டது. தாமிரபரணிக்குப் பிறப்பிடமான காட்டிற்கு நாம் அந்தத் தீங்கை இழைக்கலாகாது.

சுதேச உணர்ச்சியுள்ள அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பனிப் பிரதேசத்தில் சறுக்குவண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியை, அடர்ந்த மயிருடன் வாங்கிவந்து, பெருமாள்புரத்து வெயிலில் கட்டிவைப்பது என்ன நாகரிகம்? ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் நம்மைச் சுற்றியுள்ள சீமையில் பிறந்த ஜாதிகள். குட்டையான மயிரும் மெலிந்த உடலும் கொண்டு, இந்த வெயிலுக்கென்றே அமைந்தவை. ராஜபாளையம் நாயின் உருவத்தை 2005-ம் வருஷத்தில் தபால் இலாகாவே ஸ்டாம்பில் பொறித்தது. இவற்றுக்கும் ஓட இடம் வேண்டும். அடைத்து வைத்தால் இவையும் கெடும். இடமும் அவகாசமும் இல்லாதவர் எந்த நாயையும் வாங்காதிருப்பதே தர்மம்.

“மனிதனுக்கே குடிதண்ணீர் இல்லாத நாட்டில் நாய்க்கு என்ன கவலை?” என்று சிலர் கேட்பார்கள். கேள்வி பெரிதாகத் தோன்றினும் இதில் நியாயமில்லை. நாய்க்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்ததனால் எந்தக் குழந்தையும் தாகத்தோடு தூங்கப் போவதில்லை. மேலும், நாம் பேசுவது வளர்ப்பவர் தாமே விரும்பி ஏற்றுக்கொண்ட பொறுப்பைப் பற்றி. பேச முடியாத ஜீவனிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவர், பேச முடியாத ஏழைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவார் என்று நம்புவது எப்படி?

நாங்குனேரி வட்டத்தில் கூந்தன்குளம் என்றொரு கிராமம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நாரைகளும் கூழைக்கடாக்களும் அங்கே வந்து, வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. 1994-ல் சர்க்கார் அவ்விடத்தைச் சரணாலயமாக அறிவிப்பதற்கு முன்பே, அக்கிராமத்தார் அப்பட்சிகளைத் தங்கள் விருந்தாளிகளாகக் காத்துவந்தார்கள். அவை மிரளாதிருக்கும்பொருட்டுத் தீபாவளிக்குப் பட்டாசு கொளுத்துவதையும் விட்டார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்திய சட்டம் ஒன்றுமில்லை; ஐம்பது ரூபாய் அபராதத்திற்கு அஞ்சியும் அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. படிப்பிலும் பதவியிலும் முன்னேறியதாக எண்ணும் பாளையங்கோட்டைக் குடியிருப்புகள், அந்தக் குக்கிராமத்திடம் பாடம் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமையன்றே சங்கக் காரியதரிசிகள் கூட்டம் கூட்டுவார்களாக. ஊருக்குப் புறப்படுகிற அன்பர்கள், வீட்டைப் பூட்டுவதற்கு முன் ஒரு முறை திரும்பிப் பார்ப்பார்களாக. வாலை ஆட்டிக்கொண்டு வழியனுப்புகிற அந்த ஜீவன், நாம் திரும்பி வரும்போதும் அவ்வாறே வரவேற்க வேண்டும்.